பதினேழாம் எண் டப்பா

ஜூன் 2, திங்கள்

நான் பேக்கரி நடத்தவில்லை.

உப்பு மண்டித் தெருவில் அப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று அடுத்த வீட்டு மைமூன் சொன்னபோது சிரித்தேன். இன்று அதையே தேரிமுனை நகராட்சி முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறது. "கட்டடப் பயன்பாடு: வணிகம். பேக்கரி." வீட்டு வரி அரையாண்டுக்கு ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாயாக இருந்தது. இனி நாலாயிரத்து ஐந்நூற்று அறுபதாம்.

ஆகவே உண்மையை இங்கே எழுதி வைக்கிறேன். கடை என்றால் பலகை வேண்டும், விலை வேண்டும், கல்லாப்பெட்டி வேண்டும். என் வாசலில் இருக்கும் ஒரே பலகை "ம. வியாகுலம்" என்ற என் கணவரின் பெயர்ப்பலகை. யார் கேட்டும் நான் விலை சொன்னதில்லை. சமையலறையில் ஒரு வட்ட ஓவன் இருக்கிறது. கான்வென்டில் சிஸ்டர் பெர்பெச்சுவா கற்றுக்கொடுத்தபடி அதில் கேக் செய்கிறேன். தெரிந்தவர்கள் கேட்டால் டப்பாவில் வைத்துக் கொடுத்தனுப்புகிறேன். பழைய பிஸ்கட் டப்பாக்கள், மொத்தம் இருபத்துநாலு. தொலையாமல் இருக்க மூடியில் சிவப்பு நகப்பூச்சால் எண் போட்டிருக்கிறேன்.

டப்பா வெறுமையாகத் திரும்பி வராது. எந்தச் சாதி, எந்த மதம் ஆனாலும் இந்த ஊரில் யாரும் யாருக்கும் வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தருவதில்லை. முட்டை வரும், முருங்கைக்காய் வரும், மைமூன் வீட்டிலிருந்து வட்டலப்பம் வரும். சிலர் உறையில் ஏதாவது வைப்பார்கள். அது அவர்கள் மரியாதை. மரியாதைக்கு வரி கிடையாது.

இன்னொன்று. நான் வரி கட்டாதவள் அல்ல. நாற்பத்தோரு வருட ரசீதுகள் ஆண்டுவாரியாக அலமாரியில் இருக்கின்றன. முதல் முப்பத்திரண்டு வருடம் அவர் கட்டினார். ஒன்பது வருடமாக நான் கட்டுகிறேன். ஒரு நாள் தாமதம் இல்லை.

ரவை ஊற வைத்தேன். 17-ம் எண் டப்பா இன்னும் திரும்பவில்லை.

ஜூன் 4, புதன்

நகராட்சிக்குப் போனேன். மனுவை இரண்டு பிரதியாக எழுதிக்கொண்டு போனதால் எழுத்தர் சற்று மிரண்டார். ஒன்றை வாங்கிக்கொண்டு, மற்றதில் முத்திரை போட்டுக் கொடுத்தார்.

"இது வரி மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போவும் ஆச்சி."

"என் பெயர் திருமதி வியாகுலம். குழு எப்போது கூடும்?"

"குழு இன்னும் போடலியே."

"எப்போது போடுவார்கள்?"

"கவுன்சில் கூடுனாத்தான் போட முடியும்."

"கவுன்சில் எப்போது கூடும்?"

அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அதில் ஜனவரி மாதம் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

ஜூன் 13, வெள்ளி

பில் கலெக்டர் வேலாயுதம் நோட்டீஸை நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வந்தார். பதினோரு வருடமாக இந்தத் தெருவுக்கு வருகிறவர். மரியாதை தெரிந்த மனிதர், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வருவார். இன்று என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே பேசினார். வணிகம் என்று எழுதியவர் அவர்தான். அறிக்கையின் கீழே அவர் கையெழுத்து இருக்கிறது.

"எதை வைத்து எழுதினீர்கள்?" என்று கேட்டேன்.

"விசாரிச்சு எழுதுனதும்மா. எனக்கு வேற வழியில்ல."

"யாரிடம் விசாரித்தீர்கள்?"

பேச்சை மாற்றி கவுன்சில் கதையைச் சொன்னார். மொத்தம் இருபத்தைந்து வார்டு. தலைவராக இருந்த அம்மாள் ஜனவரியில் மாரடைப்பில் காலமானார். மீதி இருபத்துநாலு பேர். கிழக்கு வரிசையில் உட்காருகிறவர்கள் பன்னிரண்டு, மேற்கு வரிசையில் பன்னிரண்டு. புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரிபாதியாக நின்றால் சட்டப்படி சீட்டுக் குலுக்க வேண்டும். பதின்மூன்று பேர் வராமல் கூட்டமே கிடையாது.

"சீட்டு யாருக்கு விழும்னு தெரியாதுல்லா? அதனால கெழக்க உள்ளவுக வந்தா மேற்க உள்ளவுக வரமாட்டாக. மேற்க வந்தா கெழக்க வராது. பட்ஜெட்டே பாஸ் ஆகல. போன வருச கணக்க வச்சே ஓட்டிட்டிருக்கோம். தெருவிளக்குக்கு பல்பு வாங்க முடியல."

"வரி கேட்டு நோட்டீஸ் மட்டும் அனுப்ப முடிகிறதே."

"அதுக்குக் கவுன்சில் வேண்டாம்மா. கம்ப்யூட்டர் அனுப்பிரும்."

காபி கொடுத்தேன். பால் சற்றுக் குறைவாக இருந்தது. நான் இப்போதெல்லாம் கறுப்புக் காபிதான் குடிக்கிறேன், வயிற்றுக்கு நல்லது.

ஜூலை 4, வெள்ளி

கூட்டம் பதினோரு மணிக்கு. பத்தரைக்கே போய்ப் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தேன். மடித்து வைத்திருந்த சாம்பல் நிறச் சேலை. சங்கிலி இல்லாததால் ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். (சங்கிலியின் கொக்கி பழுது.)

கிழக்கு வரிசை முழுதும் நிறைந்திருந்தது. மேற்கு வரிசை நாற்காலிகள் துணி உறை கூடக் கழற்றப்படாமல் இருந்தன. பதினொன்றரை வரை காத்திருந்தார்கள். அதற்குள் உளுந்த வடை வந்தது. அதிகாரி எழுந்து, போதிய உறுப்பினர் வராததால் கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது என்று படித்தார். எல்லோரும் எழுந்தார்கள். எழும்போது ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டார்கள், ஏதோ நடந்து முடிந்தது போல.

எங்கள் வார்டு உறுப்பினர் பொற்கொடி என்னைப் பார்த்துவிட்டாள். முப்பத்தைந்து வயது இருக்கும், துடிப்பான பெண்.

"ஆச்சி, வெயில்ல எதுக்கு வந்தீய? ஒங்க மனுவ நான் பாத்துக்கிடுதேன்."

"நீ பார்த்துக்கொள்ளக் குழு வேண்டுமே, அம்மா."

"அதுக்குத்தான எல்லாரும் வந்தோம்! அவனுவ வரல."

ஜூலை 21, திங்கள்

இன்று மேற்கு வரிசை வந்தது. கிழக்கு வரவில்லை. பொற்கொடியின் நாற்காலியிலும் துணி உறை. வடைக்குப் பதில் வாழைக்காய் பஜ்ஜி.

ஆகஸ்ட் 6, புதன்

பொற்கொடி வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு தாள். தீர்மானப் பொருள் எண் 41. மார்ச்சிலேயே தயாரானதாம். "வீட்டில் வசிப்போர் தம் சமையலறையில் வெளியாள் வைக்காமல் செய்யும் தின்பண்டத் தொழிலுக்கு, அந்த வீட்டைக் குடியிருப்பாகவே கருதி வரி விதிக்கலாம்." இரண்டு தடவை படித்தேன். தெளிவாக எழுதப்பட்ட தாள். நகராட்சியில் இப்படி எழுதத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்பது ஆறுதல்.

"இதை எதிர்ப்பவர் யார்?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்ல ஆச்சி. மேற்க உள்ள ஞானப்பிரகாசம் அண்ணாச்சி வீட்லயே அதிரசம் போட்டு விக்காக. இது பாஸ் ஆனா ஊர்ல நூத்தி முப்பது வீட்டுக்கு வரி எறங்கும். ரெண்டு பக்கமும் சரின்னுதான் சொல்லுதாவ."

"அப்படியானால் கூடி நிறைவேற்றுவதுதானே?"

"கூடுனா மொதல்ல தலைவர் தேர்தல் எடுக்கணும். அதத் தாண்டித்தான் நாப்பத்தொண்ணு."

இருபத்துநாலு பேரும் ஒப்புக்கொண்ட ஒரு காரியம், இருபத்துநாலு பேராலும் நடக்கவில்லை. சிஸ்டர் பெர்பெச்சுவாவின் வகுப்பில் இப்படி ஒரு விடை எழுதியிருந்தால் தாளைக் கிழித்திருப்பார்.

"அதுவும் போக, இந்தத் தீர்மானம் தொழில் செய்கிறவர்களுக்கு. நான் தொழில் செய்யவில்லை," என்றேன்.

பொற்கொடி என் அடுப்படியை எட்டிப் பார்த்தாள். மேசையில் ஒன்பது டப்பாக்கள் வரிசையாக ஆறிக்கொண்டிருந்தன. சிரித்துக்கொண்டு ஒரு துண்டு வாங்கித் தின்றுவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா பரலோகம் போன திருநாள். பூசை முடிந்து பதினான்கு டப்பா. வெண்ணெய் விலை ஏறியிருக்கிறது, ஆனால் நான் டால்டா சேர்க்கமாட்டேன். மஸ்கட்டிலிருந்து மகன் ராபின் பேசினான். இந்த மாதமும் அவனுக்கு அங்கே செலவு அதிகம். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொன்னேன், மில் பென்ஷன் வருகிறதே. வரி விஷயம் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு வேலை நேரத்தில் தொல்லை கொடுக்கக் கூடாது.

தையல் மிஷினை ஒருவர் எடுத்துக்கொண்டு போனார். இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. இப்போது அந்த மூலையில் நன்றாகக் காற்று வருகிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பேருந்து நிலையத்தில் பெரிய பிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். "வரி நிலுவைதாரர்கள்." மைமூன்தான் ஓடி வந்து சொன்னாள். போகாதீங்க அக்கா என்றாள். போனேன்.

மேலே ஒரு கல்யாண மண்டபம். கீழே ஒரு லாட்ஜ். நடுவில், 23-வது வரியில்: "ம. வியாகுலம் (லேட்), உப்பு மண்டித் தெரு."

என் பெயர் இல்லை. வீடு இன்னும் அவர் பெயரில் இருக்கிறது. மில்லில் முப்பத்துநாலு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஒரு திருகாணி கணக்கில் குறைந்தாலும் சோறு இறங்காது. சர்க்கரை வியாதி. என் கேக்கில் ஒரு துண்டு கூட அவர் தின்றதில்லை. ஓவன் வாங்கியதே அவர் போன பிறகுதான்.

நேரே நகராட்சிக்கு நடந்தேன். வெயில் கடுமை. பெயரை எடுங்கள், அல்லது என் பெயருக்கு மாற்றுங்கள் என்றேன்.

"பெயர் மாத்தணும்னா நிலுவை இருக்கப்பிடாது ஆச்சி," என்றார் எழுத்தர்.

"நிலுவை சரியா தப்பா என்று மேல்முறையீடு செய்திருக்கிறேன்."

"அது முடிஞ்சாத்தான் நிலுவை முடியும்."

"அது முடியக் குழு வேண்டும்."

"ஆமா."

"குழுவுக்குக் கவுன்சில் வேண்டும்."

"ஆமா," என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார். குடித்தேன். சற்று நேரம் உட்கார்ந்திருக்கச் சொன்னார். உட்கார்ந்திருந்தேன். மயக்கம் என்று அவர்கள் சொன்னது மிகை. வெறும் களைப்பு.

செப்டம்பர் 8, திங்கள்

பழைய தொகை ஆயிரத்து நூற்று நாற்பதை எடுத்துக்கொண்டு நகராட்சியின் வரிக் கவுன்டரில் நின்றேன். இதை வாங்கிக்கொள்ளுங்கள், மீதி வழக்கில் இருக்கிறது என்றேன். கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் மூன்று முறை தட்டிப் பார்த்தாள். "முழுசாத்தான் எடுக்குது ஆன்ட்டி. பாதிய வாங்க மாட்டேங்குது." கொடுக்க வந்த பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். வாழ்க்கையில் முதல் தடவை.

சிவப்புத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். செப்டம்பர் 30-க்குள் கட்டாவிட்டால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும்.

செப்டம்பர் 15, திங்கள்

இன்று இரு வரிசையும் வந்தன! உறைகளை எல்லாம் கழற்றியிருந்தார்கள். உயர் நீதிமன்றம் ஏதோ கண்டித்ததாம். நான் முதல் பெஞ்சில் இருந்தேன். தலைவர் தேர்தல்: பன்னிரண்டு, பன்னிரண்டு. எதிர்பார்த்ததுதான். அதிகாரி சீட்டுப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். அட்டைப் பெட்டி, செருப்புக் கடையில் கொடுப்பது.

"பெட்டி அவங்க ஆளு கொண்டுவந்தது," என்றார் கிழக்கில் ஒருவர்.

"அப்ப ஒம்ம வீட்டுக் கொடத்தக் கொண்டாரும்," என்றார் மேற்கில் ஒருவர்.

"சீட்ட யாரு எடுக்கது? ஒம்ம மச்சானா?"

"வேணும்னா அந்த ஆச்சிய எடுக்கச் சொல்லு. அவுகளுக்கு ரெண்டு பக்கமும் ஆவாது!"

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன். எடுக்கத் தயார் என்றேன். உண்மையாகவே தயாராக இருந்தேன். ஒரு தாளை எடுத்துப் பிரித்துப் படிக்க எனக்கு அரை நிமிடம் போதும். பிறகு குழு, பிறகு நாற்பத்தொன்று, மதியத்துக்குள் முடிந்துவிடும்.

மேடைக்கு மூன்று படி. கைப்பிடி இல்லை. நான் இரண்டாவது படியில் இருக்கும்போது, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்துக் கதவு வழியாக ஓடிவிட்டார். பத்துப் பேர் பின்னால் ஓடினார்கள். சீட்டுகள் வராந்தாவில் பறந்தன. ஒன்று என் காலடியில் விழுந்தது. குனிந்து எடுப்பதற்குள் யாரோ மிதித்துக்கொண்டு போனார்கள்.

மாலைக்குள் இரு தரப்பும் தடை உத்தரவு கேட்டு மனு போட்டுவிட்டார்களாம். அடுத்த வாய்தா டிசம்பரில்.

படியிலிருந்து என்னை இறக்கி விட்டவர் வேலாயுதம்.

செப்டம்பர் 22, திங்கள்

பொற்கொடி வந்தாள். கவுன்சில் இல்லாமலே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். அறிக்கையில் தகவல் பிழை என்றால், ஆணையரே தம் அதிகாரத்தில் "குடியிருப்பு" என்று திருத்தலாம். அதற்கு நான் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தாள்.

"மேற்படி பண்டங்களுக்காக நான் எவரிடமும் எக்காலத்தும் பணம் பெற்றதில்லை என உறுதி கூறுகிறேன்."

"நீங்க சொல்லிக்கிட்டிருக்கததான ஆச்சி எழுதிருக்கு. ஒரு கையெழுத்து. பிளெக்ஸ்ல தாத்தா பேர நானே நின்னு கிழிக்கச் சொல்லுதேன்."

"தாத்தா அல்ல. திரு. வியாகுலம்."

"சரி, அவுக பேர."

என் பேனாவில் மை தீர்ந்திருந்தது. அவள் பேனா கொடுத்தாள். மற்றவர் பேனாவில் எனக்குக் கையெழுத்து சரியாக வராது என்று சொன்னேன். தாளை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வெள்ளிக்கிழமை வருவாள்.

மை பாட்டில் நிறைய இருந்தது. இப்போது அதைத் தொட்டுத்தான் எழுதுகிறேன்.

செப்டம்பர் 24, புதன்

வேலாயுதம் வந்தார். அலுவலகப் பை இல்லை, வேட்டி கட்டியிருந்தார். கையில் 17-ம் எண் டப்பா. உள்ளே நான்கு முருங்கைக்காய்.

"இது உங்களிடமா இருந்தது?"

"பிப்ரவரில எம் மக பெறந்தநாளுக்கு வீட்ல கேட்டாம்மா. மைமூன் அக்கா மூலமா வாங்குனது. எனக்குன்னு ஒங்களுக்குத் தெரியாது."

என் நோட்டில் பார்த்தேன். "17 — மைமூன் வழி — ஒன்றரை கிலோ, மார்பிள் கேக்." பெயர் இல்லை.

"கேக் ரொம்ப நல்லா இருந்தது. புள்ள இன்னும் சொல்லுதா." அவர் டப்பா மூடியைத் திறந்து, உட்பக்கத்தில் ஒட்டியிருந்த ஒரு தாளைக் காட்டினார். "ஐந்நூறு குடுத்து விட்டிருந்தோம். இது டப்பாவுக்குள்ள இருந்தது."

என் கையெழுத்து. "அதிகப்படி ரூ. 50 இத்துடன். செ. வி."

"யாரும் கேக்காமலே விட்டிருந்தா நானும் எழுதிருக்க மாட்டேன். யாரோ மேல புகார் போட்டாவ. எங்கிட்ட விசாரிச்சு எழுதச் சொன்னாவ. எங்கையிலயே இது இருக்கே? மரியாதைக்குக் குடுக்கதுல பாக்கி யாரும்மா திருப்பித் தருவா? வெல ஒண்ணு இருந்தாத்தான மீதின்னு ஒண்ணு இருக்கும்?" மூடியை மேசையில் வைத்தார். "பொய்யா எழுதிருக்கலாம். கை வரல. அஞ்சு மாசமா டப்பாவத் திருப்பித் தரவும் கை வரல."

"ஏழு மாதம்," என்றேன்.

"ஆமா, ஏழு."

தாளை மூடியிலிருந்து பிரித்து என் கையில் கொடுத்தார். போகும்போது, "பொற்கொடி அம்மா கொண்டாந்த தாள்ல கையெழுத்துப் போட்டுருங்கம்மா. இந்தத் துண்டுத் தாள நான் பைல்ல வைக்கல. ஒங்ககிட்டயே குடுத்துட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 26, வெள்ளி

முருங்கைக்காய் குழம்பு வைத்தேன். இரண்டு நாள் வந்தது.

பொற்கொடி வந்தாள். கையெழுத்துப் போடவில்லை என்றேன். முதலில் நம்பவில்லை. பிறகு கோபப்பட்டாள். "ஊரே பொய் சொல்லிட்டுத் திரியுது. நீங்க ஒருத்தர் சரியா இருந்து என்ன ஆவப்போவுது?" என்றாள். என்ன ஆகப்போகிறது என்று எனக்கும் தெரியவில்லை.

அவள் போன பிறகு மைமூனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நான் கேக் விற்கிறேன் என்று உனக்குத் தெரியுமா?"

மைமூன் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அக்கா, ஒரு கிலோ முந்நூறுன்னு நான்தான எல்லார்ட்டயும் சொல்லுவேன். ஒங்களுக்குக் கூச்சமா இருக்கும்னு ஒங்க முன்னால சொல்றதில்ல. ஊருக்கே தெரியும். ஆனா ஒருத்தரும் இத கடைன்னு நெனைச்சதில்ல."

ஆறு வருடமாக மீதி கொடுத்திருக்கிறேன். முந்நூறு என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் முந்நூற்றைம்பது வந்தால் ஐம்பதை மடித்து வைத்திருக்கிறேன், இருநூற்றைம்பது வந்தால் அந்த வீட்டுக்கு அடுத்த மாதம் டப்பா போகவில்லை. வெண்ணெய், முட்டை, மருந்து, மின்சாரம். மில் பென்ஷன் ஆயிரத்து எண்ணூறு. இதை நான் எங்கும் எழுதியதில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

காலை பத்தே காலுக்கு இரண்டு பேர் வந்தார்கள். அடையாள அட்டை கேட்டேன், காட்டினார்கள். வேலாயுதம் வரவில்லை, விடுப்பாம். வாசலில் தோண்டி, குழாயைக் கழற்றி, அடைப்பான் போட்டார்கள். ஒருவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். செம்பில் இருந்ததைக் கொடுத்தேன்.

மதியம் மைமூன் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தாள். என் பானையில் ஊற்றிக்கொண்டேன். குடத்தை வெறுமையாகத் திருப்பித் தர மனம் வரவில்லை. அலமாரியைத் திறந்து பார்த்தேன். மாவு இல்லை, முட்டை இல்லை, எலுமிச்சை கூட இல்லை. தண்ணீர் இல்லாமல் இனி கேக்கும் இல்லை.

"ஒரு நிமிடம் இரு," என்று சொல்லிவிட்டு, வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அடுப்படியிலேயே நின்றேன்.

"அக்கா, தண்ணிக் கொடத்துக்கு அதெல்லாம் கெடையாது," என்று அவளே உள்ளே வந்து குடத்தை எடுத்துக்கொண்டாள். "வெறுங்கொடந்தான் வேணும். நாளைக்கும் நெறைக்கணும்லா."

எழுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஒரு பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தேன்.

அக்டோபர் 2, வியாழன்

விடுமுறை. அலுவலகம் இல்லை. டப்பாக்களைத் துடைத்து வரிசைப்படி அடுக்கினேன். இருபத்துநாலும் இருக்கின்றன.

அக்டோபர் 6, திங்கள்

கீழ்க்கண்ட கடிதத்தை இன்று நேரில் கொடுத்தேன். யார் பெயருக்குப் பெறுவது என்று எழுத்தர் கேட்டார். தலைவர் இல்லை, குழு இல்லை. காலியாக இருக்கும் அந்தப் பதவிக்கே எழுதியிருக்கிறேன் என்றேன். முத்திரை போட்டுக் கொடுத்தார். என் பிரதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

பெறுநர்
தலைவர், வரி மேல்முறையீட்டுக் குழு,
தேரிமுனை நகராட்சி.

ஐயா அல்லது அம்மையீர்,

ஜூன் 4 தேதியிட்ட என் மனுவில் நான் பணம் பெறுவதில்லை என்று எழுதியிருந்தேன். அது உண்மையல்ல. ஆறு வருடமாக என் சமையலறையில் கேக் செய்து, பணம் பெற்று வருகிறேன். அதிகப்படியான பணத்துக்கு மீதியும் கொடுத்திருக்கிறேன். அதற்குச் சான்றாக என் கையெழுத்துள்ள துண்டுத் தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். தங்கள் பில் கலெக்டர் விசாரித்து எழுதியது சரி. அவரைக் குறை சொல்லி நான் எழுதிய பத்தியைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால், ஒரு பெண் தனியாக இருந்து கேக் செய்யும் வீடு கடையா, வீடா என்பதை அவரோ கம்ப்யூட்டரோ முடிவு செய்ய முடியாது. அதை நீங்கள் கூடி முடிவு செய்ய வேண்டும். பொருள் எண் 41 மார்ச் முதல் தங்கள் மேசையில் இருக்கிறது. அதை எதிர்ப்பவர் யாரும் இல்லை என்று அறிகிறேன். நீங்கள் கூடி, கடைதான் என்று சொன்னால் கட்டுகிறேன். வீடுதான் என்று சொன்னால் அதற்குரியதைக் கட்டுகிறேன். நீங்கள் கூடாமல் இருக்கும்வரை நான் எதைக் கட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. பழைய தொகையைக் கட்ட வந்தேன், வாங்கவில்லை.

ஒரு வேண்டுகோள் மட்டும் இதற்கெல்லாம் காத்திராமல் செய்யக்கூடியது. பேருந்து நிலையத்திலுள்ள நிலுவைதாரர் பட்டியலில் 23-வது வரியில் என் கணவர் ம. வியாகுலத்தின் பெயர் இருக்கிறது. அவர் எந்தக் காலத்திலும் நிலுவை வைத்ததில்லை. இந்தத் தொழிலில் ஒரு காசு பெற்றதில்லை. அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அந்த வரியிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரைப் போட வேண்டும்: செலஸ்டினா வியாகுலம், உப்பு மண்டித் தெரு. எழுத்து அதே அளவில் இருக்கலாம்.

பெயர் எந்தத் தேதியில் மாற்றப்படும் என்பதை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும்.